கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பூச்சு

நாமகிரிப்பேட்டை
ஜனவரி 22

அன்புள்ள ஆலியா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றிலிருந்து உனக்கு எழுதும் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்குப் பெருமை தராததையும் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை உன் விடுதிப் போனில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதியை அத்தா எடுத்துக்கொள்கிறார். மிச்சத்தில் ஷாஹுல் உனக்கு ஏரோப்ளேன் சத்தம் போட்டுக் காட்டுகிறான். எனக்குக் கடிதம்தான் வழி.

இங்கே அத்தாவுக்குச் சளி விட்டுவிட்டது. அம்மாவின் முழங்கால் முன்போலத்தான். நீ எப்படி இருக்கிறாய்? பொங்கல் லீவில் பக்கத்து வீட்டுச் சாலம்மாள் அக்கா கொடுத்த கரும்பை நீ கடிக்கவே இல்லை. உன் பங்கையும் ஷாஹுல்தான் தின்றான். நடந்ததை எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

இனி விஷயம். அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்குச் சேலத்திலிருந்து பல் மருத்துவர்கள் வரப்போகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஷாஹுலின் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் கூடத்தில்தான் முகாம். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள, முதலில் வாயில் என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்று ஷாஹுலை வாசற்படியில் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அவனுக்கு முன்பல் இரண்டு விழுந்திருப்பது உனக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாத இடத்தில், புதிதாக ஒரு பெரிய பல் இருக்கிறது. நான்கு மூலையிலும் இருக்கிறது. நூலகத்தில் உடற்கூறு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். அது பால் பல் இல்லையாம். ஆறு ஏழு வயதில் சத்தமில்லாமல் வரும் நிரந்தரப் பல்லாம். போனால் போனதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "ஏழு வயசுப் பையனுக்கு எல்லாமே பால் பல்லுதாண்டி" என்றார்.

நீ நன்றாகப் படி. பஸ் ஏற்றிவிட்ட அன்று அத்தா சொன்னதை மறந்திருக்க மாட்டாய். "தலவலின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும் சாமி, அடுத்த பஸ்ஸுல வந்து கூட்டியாந்துருவேன். இங்கயும் பிளஸ் டூ இருக்குது" என்றாரே. அதனால் தலைவலி வரவழைத்துக்கொள்ளாதே. நம் வீட்டிலிருந்து முதல் டாக்டர் வந்தால் என் சந்தேகங்களுக்கு நல்லது.

வஸ்ஸலாம்.
உன் தங்கை அர்ஃபா


நாமக்கல்
பிப்ரவரி 1

அன்புள்ள அர்ஃபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கிறாயா, இல்லை அதையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

உன் கடிதத்தை என் அறைத் தோழி சரிதாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பனமரத்துப்பட்டிக்காரி. "உன் தங்கச்சி போலீசுக்குப் போவாளா?" என்று கேட்டாள். கரும்பைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அன்று பசி இல்லை, அவ்வளவுதான்.

இங்கே காலை ஐந்தரைக்குப் படிப்பு தொடங்குகிறது. வாரத்தில் இரண்டு தேர்வு. தாவரவியலில் முதல் மூன்று பேரில் வந்தேன். அத்தாவிடம் சொல்.

பல் மருத்துவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்? சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? பதினாறு வயதுக்காரர்களுக்கு அதே கடைவாய்ப் பல்லில் செய்ய முடியுமா? சும்மா கேட்கிறேன். உயிரியல் படிக்கிறேன் அல்லவா.

விளக்கை அணைக்கிறார்கள். முடிக்கிறேன்.

வஸ்ஸலாம்.
ஆலியா


நாமகிரிப்பேட்டை
பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். எண்ணெய் தேய்க்கிறேன். டார்ச் அடிக்கவில்லை.

நீ கேட்டது நல்ல நேரம். முகாமுக்கு முன்னால் பெற்றோர் கையெழுத்து வாங்குவதற்காகத் தனப்பிரியா என்கிற இளம் டாக்டர் வந்திருந்தார். ஊர் திருச்செங்கோடு பக்கம். எல்லாரையும் "சாமி" என்றே கூப்பிடுகிறார், தலைமை ஆசிரியையைக்கூட. ஒரு பெரிய பிளாஸ்டிக் பல்லைக் காட்டினார். கடைவாய்ப் பல்லின் மேல்பக்கம் உழுத வயல் மாதிரி. சால் சாலாகப் பள்ளம். சில பள்ளம் எவ்வளவு குறுகல் என்றால் பிரஷ்ஷின் நார்கூட உள்ளே போகாதாம். நாம் எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் அடியில் இருக்கும் இனிப்பும் கிருமியும் அங்கேயே குடியிருக்கும். ஆகவே பல் கெடுவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தை ஒரு பூச்சால் மூடிவிடுகிறார்கள். சீலன்ட் என்று பெயர். ஊசி இல்லை, துளை போடுவது இல்லை.

நான் கையைத் தூக்கி எதனால் செய்வது என்று கேட்டேன். இரண்டு வகை. ஒன்று ரெசின். திரவமாக ஓடிப் பள்ளத்தில் இறங்கும், நீல விளக்கைக் காட்டினால் சில நொடியில் கெட்டியாகிவிடும். பல வருடம் தாங்கும். ஆனால் பூசும்போது பல் துளி ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் ஒட்டாது. இன்னொன்று கிளாஸ் அயனோமர். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், பல்லுக்கு ஃப்ளோரைடும் கொடுக்கும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். "ரெண்டுல எது ஒசத்தி?" என்று கேட்டேன். "வாயப் பொறுத்து சாமி" என்றார். இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது.

பதினாறு வயதுக்கும் போடலாமாம், பல் கெடாமல் இருந்தால். பன்னிரண்டு பதின்மூன்றில் அடுத்த கடைவாய்ப் பல் வரும், அதற்கும் போடுவார்கள். எனக்கு அதுதான்.

இனி கெட்ட செய்தி. என் தாளில் கையெழுத்துப் போட்ட அத்தா, ஷாஹுல் தாளில் போடவில்லை. கடையில் மஞ்சள் வியாபாரிக்குத் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தார். "உழுகற பல்லுக்கு எதுக்குப் பூச்சு? உழுந்த பொறவு பூச்சத் தனியா எடுத்து வெச்சுக்குவீங்களா?" என்றார். வியாபாரி சிரித்தார். நான் புத்தகத்தில் இருக்கிற படத்தைக் காட்டினேன். "அது வெள்ளக்காரன் வாயி" என்றார்.

இது எனக்குத் தோல்வி. உண்மையாக எழுதிவிட்டேன். நீ ஏதாவது வழி சொல்.

வஸ்ஸலாம்.
அர்ஃபா


நாமக்கல்
பிப்ரவரி 15

அன்புள்ள அர்ஃபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். அங்கே பனி குறைந்துவிட்டதா? நோன்பு தொடங்கப்போகிறது, அம்மாவைத் தனியாகக் கஞ்சி கிண்ட விடாதே.

அத்தாவிடம் படத்தைக் காட்டுவதே தப்பு. அவர் விரல் வைத்துப் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். பக்ரீத் குர்பானிக்குக் கிடா வாங்கும்போது முதலில் என்ன செய்வார் என்று யோசித்துப் பார். அங்கமுத்து அண்ணன் வீட்டில் இப்போது கிடா கட்டியிருக்கிறார்களா? அவ்வளவுதான் சொல்வேன்.

இன்னொன்று. சரிதாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பள்ளம் கறுத்திருக்கிறது. முதலில் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மட்டும் சுருக்கென்று இருந்தது. இப்போது எதுவும் குடிக்காமலே சில நேரம் வலிக்கிறது. ராத்திரியில் தாடையிலிருந்து காது வரைக்கும் இழுக்கிறது. இதற்கு மேலே அந்தப் பூச்சைப் போட்டு மூடிவிட்டால் நின்றுவிடுமா? மருந்துக் கடையில் சொல்லி வாங்கிவிடக்கூடியதா? உன் டாக்டரிடம் கேட்டு எழுது. பெயர் சொல்ல வேண்டாம், அவளுக்குக் கூச்சம்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வஸ்ஸலாம்.
ஆலியா


நாமகிரிப்பேட்டை
பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லாரும் சுகமாக நோன்பு பிடிக்கிறோம். நீ விடுதியில் விடியலுக்கு முன் ஸஹருக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று அம்மா தினமும் என்னிடம் கேட்கிறார், எனக்குத் தெரிந்தது போல.

உன் யோசனை பலித்தது. அங்கமுத்து அண்ணனிடம் ஒரு கிடா இருந்தது. அத்தா தொழுதுவிட்டு வரும் நேரம் பார்த்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இது பல்லுப் போட்டதாங்கத்தா?" என்றேன். உடனே குனிந்து உதட்டைப் பிரித்துப் பார்த்தார். "ரெண்டு பல்லு போட்டிருக்குது. குட்டிப் பல்லு சிறுசா இருக்கும், பெரும்பல்லு அகலமா, புதுசா, ஓரம் ரம்பமாட்டம் இருக்கும்" என்றார். நான் ஷாஹுலை முன்னால் தள்ளி, "அப்ப இவனுக்கும் பாருங்க" என்றேன். அங்கமுத்து அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "பாருங்க பாய், கிடாவுக்குப் பாக்கறீங்க, பையனுக்குப் பாக்காட்டி எப்படிங்க" என்றார். அத்தா விரலை விட்டுத் தடவினார். கடைசியில் இருந்ததைத் தொட்டதும் முகம் மாறியது. பக்கத்துப் பல்லை மறுபடி தொட்டார். "அகலமாத்தான் இருக்குது" என்றார். அப்போது ஷாஹுல் கடித்துவிட்டான். கடிபட்ட விரலோடுதான் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டுக்கும் கடைவாயில் இப்படித்தான் சத்தமில்லாமல் வருமா என்று அங்கமுத்து அண்ணனைக் கேட்டேன். "அங்கெல்லாம் கைய உட்டா கடிச்சிரும் சாமி, நானு பாத்ததில்ல" என்றார்.

முகாம் முந்தாநாள் நடந்தது. எனக்கு வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை. என் இரண்டாம் கடைவாய்ப் பற்களுக்கு ரெசின் போட்டார்கள். முதலில் ஒரு ஜெல் தடவுகிறார்கள். அது அமிலம். கழுவி உலர்த்தினால் அந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துச் சொரசொரப்பாகிறது, அதில்தான் பூச்சு பிடிக்கும். கண்ணாடியில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நீல விளக்கைப் பார்க்கக் கூடாதாம். கொஞ்சம் பார்த்துவிட்டேன்.

ஷாஹுல் முறை வந்தது. கன்னத்துக்குள் பஞ்சை வைத்தார்கள். பல்லைக் காற்றால் உலர்த்துவார்கள், மறு நிமிடம் எச்சிலில் முங்கிவிடும். மறுபடி பஞ்சு, மறுபடி எச்சில். கன்னம் இரண்டும் பலூனாக உப்பிவிட்டது. "முழுங்கு சாமி" என்றார் டாக்டர். தலையை ஆட்டினான். "செரி, துப்பு." அதற்கும் தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுடைய முதல் நோன்பை மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் பூமாலை போட்டு, ஆள் கூப்பிட்டுக் கொண்டாட வேண்டும் என்று அம்மா ஏற்பாடு செய்திருக்கிறார் அல்லவா. இவன் அதற்கு ஒத்திகையாக யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கே நோன்பு பிடித்திருக்கிறான். மருந்து ருசி உள்ளே போய்விடுமோ என்று விழுங்கவில்லை. விழுங்காமல் துப்பினால் நோன்பு என்று பக்கத்தில் நிற்கும் அவன் வகுப்பு அஃப்தாப் கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்லிவிடுவான் என்று துப்பவும் இல்லை.

நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு, "நோன்பு தொறந்த பொறவு இன்னொரு நாள் பண்ணிக்கலாமா?" என்று அவனையே கேட்டார். அவன் எல்லாவற்றையும் வாளியில் துப்பிவிட்டு, "இப்பவே வெய்யுங்க, ஆனா தண்ணி குடுக்காதீங்க" என்றான். டாக்டர் ரெசினை மூடி வைத்துவிட்டுக் கிளாஸ் அயனோமரை எடுத்தார். ஈரம் பொறுப்பது. குழைத்து வைத்து, விரலில் வாசலின் தடவிப் பள்ளத்துக்குள் அழுத்தினார். வாயைப் பொறுத்து என்று அவர் சொன்னது இதைத்தான். விழுங்காவிட்டால் நோன்பு முறியாது என்று மாலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். ஷாஹுல் அதைத் தெரு முழுக்கச் சொல்லி வந்தான்.

சரிதா அக்கா விஷயத்தைப் பெயர் சொல்லாமல் கேட்டேன். டாக்டரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பள்ளம் கறுத்து மட்டும் இருந்து, குழி விழாமல் இருந்தால் மேலே மூடிவிடலாமாம். உள்ளே இருக்கும் கிருமி தீனி கிடைக்காமல் அடங்கிவிடும். எனக்கு இது ஆச்சரியம். ஏனென்றால் அத்தா, "ஈர மஞ்சள் மேல தார்ப்பாய் போட்டா உள்ளயே பூசணம் புடிச்சிரும்" என்பார். இங்கே அப்படியில்லை. ஆனால் தானாகவே வலித்தால், ராத்திரி காது வரைக்கும் இழுத்தால், அது நரம்பு வரை போய்விட்டதாம். அதை மூடவே கூடாது. திறந்து சுத்தம் செய்து வேர் சிகிச்சை செய்ய வேண்டும். "எந்தப் புள்ளையா இருந்தாலும் இந்த வாரமே வரச் சொல்லு. தள்ளினா பல்லப் புடுங்கறதத் தவிர வேற வழி இருக்காது" என்றார். சேலத்தில் அவர்களுடைய பல் மருத்துவக் கல்லூரிக்கு எப்படி வருவது என்றும் எழுதிக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். சரிதா அக்காவிடம் இன்றே கொடு.

வஸ்ஸலாம்.
அர்ஃபா


நாமக்கல்
மார்ச் 5

அன்புள்ள அர்ஃபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். பக்கத்துப் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்கிறார்கள். தொழும் முன் இரண்டு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஷாஹுலுக்கு என் முத்தம். பூச்சை நாக்கால் நோண்ட வேண்டாம் என்று சொல்.

சரிதாவிடம் சொன்னேன். ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்கிறாள். ஏப்ரல்தானே. கிராம்பு வைத்துக்கொள்கிறாள். நோன்பு வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. மதியம் மெஸ்ஸில் உட்கார வேண்டியதில்லை.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஆலியா


நாமகிரிப்பேட்டை
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நேற்று ஞாயிறு போன் செய்தோம். நீ குளிக்கப் போயிருந்தாய். சரிதா அக்கா எடுத்தார். அத்தா வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால் போன் என் கையில் இருந்தது. "பல்வலி இப்ப எப்படி இருக்குதுங்க அக்கா?" என்று கேட்டேன். "எனக்கா? நான் கடலை மிட்டாய் கடிச்சுட்டு நிக்கறேன். உங்கக்காதான் ராத்திரி பூரா..." என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திவிட்டார். பிறகு, "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல கண்ணு" என்றார்.

நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரும்பைப் பார்த்தேன், எழுதவும் செய்தேன், ஆனால் அது என்ன என்று யோசிக்கவில்லை. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சாயங்காலம் நாலு மணி வாக்கில் அஸர் பாங்கு சொல்லும்போது எழுதத் தொடங்குகிறாய். சில வரி தாண்டியதும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். உங்கள் விடுதியில் வெயில் இருக்கும்போதே விளக்கை அணைப்பார்களா? இதற்கு முந்தைய கடிதங்களிலும் என்னவோ சொல்லப்போகும் இடத்தில்தான் விளக்கு அணைந்திருக்கிறது.

அக்கா, அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியும். நீ சொல்லாதது எதற்காக என்றும் தெரியும். ஆனால் டாக்டர் சொன்ன வாரம் போய்விட்டது. நீயே விடுதி அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் போ. போய்விட்டு வந்தேன் என்று ஒரு வரி எழுது. வெள்ளிக்கிழமை தபால் வரை பார்ப்பேன்.

வஸ்ஸலாம்.
அர்ஃபா


நாமக்கல்
மார்ச் 12

அர்ஃபா,

ஸலாம். நான் நலமாகத்தான் இருக்கிறேன். விடுதி அம்மாவிடம் சொன்னால் முதலில் வீட்டுக்குத்தான் போன் போடுவார்கள். அது இங்கே சட்டம். எனக்கு ஒரு மாதம் போதும். அத்தாவிடம் சொல்லாதே. சொன்னால் இந்தப் படிப்பு இதோடு முடிந்தது. அப்படி ஆனால் ஆயுசுக்கும் உன்னோடு பேச மாட்டேன்.

ஆலியா


நாமகிரிப்பேட்டை
மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன். கடிதம் முன்னால் வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

கடையில் அத்தா தனியாக இருந்தார். தார்ப்பாய் ஓரத்துக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு ஒண்ணு மட்டும் செய்யக் கூடாது."

"சரக்கக் காட்டாம வெல பேசறயா?"

"காட்டுனா நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்களே."

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆலியாவா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கரும்பு, கிராம்பு, காது வரை இழுப்பது, புடுங்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னது. கடைசியில், "அக்காவக் கூட்டியாரக் கூடாது" என்றேன். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மறுபடி கயிற்றை எடுத்துக் கோத்தார். ஓர் ஓட்டையை விட்டுவிட்டு அடுத்ததில் கோத்தார். நான் சொல்லவில்லை.

இன்று ஷாஹுலின் முதல் நோன்பு. மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். சாலம்மாள் அக்கா அவனுக்குச் சட்டை எடுத்து வந்தார். எல்லாரும் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பூச்சைப் பார்த்தார்கள். அத்தா சிரித்தார், ஆனால் சாப்பிடவில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு அத்தா உன்னிடம் வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையில்தான் வைக்கப்போகிறேன், பிரிக்க மாட்டார். ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். அவர் பரண்மேல் இருந்த பெரிய பையை இறக்கி வைத்திருக்கிறார். நீ விடுதிக்குப் போனபோது போர்வையும் தலையணையும் கொண்டு போன பை. எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றார்.

நீ பேசாவிட்டாலும் நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

வஸ்ஸலாம்.
அர்ஃபா


நாமக்கல்
மார்ச் 17

அன்புள்ள அர்ஃபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலமாக இல்லை. வாயின் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது, கன்னத்துக்குள் இலவம்பஞ்சு வைத்தது போல இருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று.

பேச மாட்டேன் என்று எழுதியதை அழித்துவிடு. இப்போது நானும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தா விடுதி வாசலில் அந்தப் பையோடு நின்றார். அதைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. அவர் என்னைத் திட்டவில்லை. "நோன்பா?" என்றார். ஆமாம் என்றேன். "நோவு வந்தவங்களுக்கு நோன்பு கெடையாது. பொறவு அதுக்குப் பதிலா ஒரு நாள் களா நோன்பு புடிச்சுக்கலாம்" என்று தண்ணீர் வாங்கித் தந்தார். குளிர்ந்த தண்ணீர். நான் வலது பக்கம் சாய்த்துக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேலத்துக்குப் பஸ் ஏறினோம்.

உன் டாக்டர் தனப்பிரியா இருந்தார். உன் பெயரைச் சொன்னதும், "அட, நோன்புப் பையனோட அக்காவா? கேள்வி கேக்கற புள்ளையோட அக்காவா?" என்றார். நம் வீட்டுக்கு அங்கே நல்ல பெயர். வாயைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அப்போது அத்தா, "நானும் ஒருக்காப் பாக்கலாங்களா?" என்று கேட்டார். டாக்டர் விளக்கை என் வாய்க்கு நேராகத் திருப்பிவிட்டு நகர்ந்து நின்றார். அத்தா, கிடாவுக்குக் குனிவாரே, அப்படியே குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தன நாளா சாமி?"

"அரைப் பரீட்சைக்கு முன்னாடி இருந்துங்கத்தா."

"ஏஞ் சொல்லல?"

வாயில் கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? "சொன்னா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்க" என்றேன். டாக்டர் மறுபக்கம் திரும்பிப் பஞ்சு எடுப்பது போல நின்றுகொண்டார்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து, உள்ளே சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்திருக்கிறார். பல் பிழைத்துவிடும். இன்னும் இரண்டு தடவை போக வேண்டும், அப்புறம் மேலே ஒரு உறை. ஷாஹுல் வயதில் அந்தப் பூச்சு போட்டிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது என்றார். மற்றப் பக்கத்துக் கடைவாய்ப் பற்களில் பள்ளம் ஆழமாக இருக்கிறதாம், இன்னும் கெடவில்லையாம். அடுத்த தடவை அவற்றுக்கு ரெசின் பூசிவிடுகிறேன் என்றார். எனக்கு எச்சில் அடக்கத் தெரியும் என்று சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பினோம். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சூரியன் மறைந்து மஃரிப் ஆகிவிட்டது. உனக்குத் தெரியும், அங்கே இந்தப் பக்கம் ஆத்தூர் பஸ் நிற்கும், அதுதான் நம் ஊர் வழி. அந்தப் பக்கம் நாமக்கல் பஸ். இரண்டுமே நின்றிருந்தன. அத்தா ஒரு பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தார். பிறகு பையைத் திறந்தார். உள்ளே அம்மா கொடுத்தனுப்பிய கஞ்சித் தூக்கு ஒன்றுதான். அவ்வளவு பெரிய பையின் அடியில் அது சின்னதாக உட்கார்ந்திருந்தது. மீதி இடம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மெல்ல வேண்டியதில்லாத கஞ்சி. இரண்டு பேரும் குடித்தோம்.

ஆத்தூர் பஸ்காரர் "நாமகிரிப்பேட்ட, நாமகிரிப்பேட்ட" என்று கத்தினார். அத்தா நிமிர்ந்து பார்த்தார். அந்த பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காலிப் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் பஸ்ஸில் ஏறினார்.

விடுதி வாசலில்தான் பேசினார். "இனி வலிச்சா சொல்லு. டாக்டர்கிட்டக் கூட்டிப் போகத்தான் வருவேன். வேற எதுக்கும் வர மாட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "தீனி குடுக்க வருவேன்" என்றார்.

நீ சொன்னதற்கு நன்றி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். சரிதா உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள், கடலை மிட்டாயோடு. ஷாஹுலின் பூச்சு நான்கும் இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார். அது சீக்கிரம் தேயும் வகை, தேய்ந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அம்மாவின் முழங்காலையும் பார். கஞ்சி நன்றாக இருந்தது என்று சொல்.

வஸ்ஸலாம்.
உன் அக்கா ஆலியா

பின்குறிப்பு: இஷா தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தேன், இப்போது மணி பத்து. உனக்கு நீல விளக்கைப் பற்றிக் கேட்க ஒரு சந்தேகம் இருந்தது, அடுத்த வரியில் எழுத நினைத்தேன். விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்த முறை நிஜமாகவே.